எல்லாப் பொண்ணுக்கும் ஒரே தேதி

வேணும்னே செஞ்சானு சொல்றியே நதியா, நீ பக்கத்துல நின்னு பாத்தியா? என் மருமக ரெஹானாவைப் பத்திப் பேசுறதுன்னா என் மூஞ்சியைப் பாத்துப் பேசு.

உத்தமபாளையத்துல ராஜா முகம்மது நடத்துற கல்யாணத் தகவல் நிலையத்துல அவ ஆறு வருசமா கம்ப்யூட்டர் பாக்குறா. மாப்பிள்ளை, பொண்ணு போட்டோ போடுற வெப்சைட்டு அவ கையிலதான். அது பழசாப் போச்சு, எல்லாத்தையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்துன்னு முதலாளி சொன்னாக. மாத்தினா. போட்டோ வந்துச்சு, பேர் வந்துச்சு. பதிஞ்ச தேதி வரலை. எல்லாப் பொண்ணுக்கும் மாத்துன அன்னைக்குத் தேதியே விழுந்துருச்சு. நிக்காஹ் முடிஞ்சா போடுற பச்சைக் குறியும் வரலை.

"ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிட்டுத் திறக்கலாம்"னு கேட்டிருக்கா. "இருக்கட்டும்மா, ஒரே நாள்ல முந்நூறு புது வரன் வந்த மாதிரியில்ல இருக்கு"ன்னு அன்னைக்கே திறக்க வச்சுட்டாக.

அதுல நம்ம தெரு ஹுஸ்னாவும் இருந்தா. மூணு வருசத்துக்கு முந்தி பதிஞ்சது. தேவாரத்துல வாக்கப்பட்டு, கையில பிள்ளையும் இருக்கு. அவ மாமியா வீட்டுல அதைப் பாத்துட்டு, "இங்கன இருந்துக்கிட்டே வேற மாப்பிள்ளை தேடுறியா"ன்னு பிள்ளையோட தாய் வீட்டுக்கு அனுப்பிட்டாக.

ஹுஸ்னா புருசனை முதல்ல ரெஹானா தங்கச்சிக்குத்தான் பேசினோம், முறிஞ்சுபோச்சு. அதை வச்சுத்தான நீ கதை கட்டுற? எனக்கும் அந்த நெனப்பு வந்துச்சு, மறைக்க மாட்டேன். சோத்தைப் போட்டுக்கிட்டே, "பழச மனசுல வச்சியா ஆத்தா?"ன்னு கேட்டுட்டேன். அவ அழுகலை. பழைய வெப்சைட்டைக் காப்பி எடுத்து வச்சிருந்தா. அதைத் திறந்து ஹுஸ்னா போட்டோவைக் காட்டினா. எனக்கு எழுத்து தெரியாது. ஓரத்துல இருந்த பச்சை தெரிஞ்சுச்சு.

மறுநாள் ராஜா முகம்மது போன் போட்டாக. "கை தவறிருச்சுன்னு நீயே சொல்லிரும்மா, வேலை போகாது." தப்பு இவ மேலன்னா முதலாளி எதுக்குக் கெஞ்சணும்?

சனிக்கிழமை காலையில அந்தக் காப்பியைப் பிரிண்டு எடுத்துப் பையில வச்சா. ஆபீஸ் சாவியைக் கையில எடுத்தா.

"சாவியைக் குடுத்துட்டு அப்படியே தேவாரம் போறேன் மாமி. ஹுஸ்னாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றா."

"ஹுஸ்னா மாமியா நம்பலைன்னா?"

"அவுக மகளும் அந்த வெப்சைட்டுல அதே தேதியில வரன் தேடுறாக, மாமி. ரெண்டு பிள்ளைக்குத் தாய். அதையும் பிரிண்டு எடுத்திருக்கேன்."

செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிட்டா. பையைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போறானு நீ ஜன்னல்ல நின்னு சொன்னியே, அது இதுதான்.