அமைச்சராக வேண்டிய மாமா

தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றாக இருந்த காலம். நாங்கள் திருவனந்தபுரத்தில் குடியிருந்தோம். என் தாய்மாமன் அங்கே கிழக்கேகோட்டை உணவு விடுதி ஒன்றில் பணிபுரிந்தார். அவருடைய கைகள் தோசை வார்க்கும். வாயோ கேரளத்தை ஆளும். அமைச்சர் ஒருவரின் குரல் அவருக்கு அச்சாக வரும். தொண்டையைச் செருமி, ‘அதாவது’ என்பதை அந்த அமைச்சரைப் போலவே மலையாளத்தில் “அதாயது…” என்று அவர் இழுத்தால், உண்ணவந்த அரசு அலுவலர்கள் பிட்ட தோசையைக் கையில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்களுள் ஒருவர் வழியாக, தொலைக்காட்சியின் ஓணச் சிறப்பு நகைச்சுவை நிகழ்ச்சியில் அமைச்சர் வேடம் தருவதாக அழைப்பு வந்தது. மாமா அமைச்சராகப் போகிறார் என்று பள்ளி முழுவதும் நான் பறைசாற்றினேன். வேடம் என்ற சொல்லை மட்டும் வசதியாக விட்டுவிட்டேன். படப்பிடிப்பிலிருந்து திரும்பிய மாமா, “டிவில பாத்துக்கிடுங்க” என்றதோடு சரி.

ஓணத்தன்று அண்டைவீட்டு மலையாளச் சேச்சியின் கூடத்தில் நெருக்கியடித்து அமர்ந்தோம். திரையில் அமைச்சர் தோன்றினார். பால்நிற மேனியர், யாரோ ஒருவர். அவர் வாய் திறந்ததும், “அதாயது…” என்று மாமாவின் குரல்!

“அது எங்க மாமாவாக்கும்!” என்று துள்ளினேன்.

“அது வேற ஆளாணு மோளே, சும்மா இரி” என்று சேச்சி அடக்கினார்.

அப்போது அமைச்சருக்குக் குடைபிடித்தபடி மாமாவே வந்துவிட்டார்! முகமெங்கும் கரி, பற்கள் மட்டும் பளிச்சிட்டன. அவருக்கு வசனம் ஒரு சொல்லும் இல்லை. அமைச்சர், மாமாவின் குரலிலேயே, தள்ளி நிற்கும்படி மாமாவை அதட்டினார்: “மாறி நில்லடா, பாண்டி!” தமிழரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கூடம் குலுங்கிற்று. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். ஒரே மாமா இரண்டு இடத்தில் வருவது எளிய காரியமா?

வீட்டில் அம்மா கேட்டாள்: “ஏலே, நீயே கறுப்பு. இதுல கரிய வேற எதுக்குப் பூசினானுவ?”

“லைட்டுல வெளுத்துத் தெரிவேனாம்க்கா. பொறவு பாண்டின்னு எவன் நம்புவான்?”

“அந்தக் கொரலு?”

“மந்திரின்னா செவப்பா இருக்கணுமாம். கொரலுக்கு ஏது நெறம்?”

மாமா சிரித்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள்.

விடுமுறை முடிந்ததும் தோழியர் சூழ்ந்துகொண்டு, “அமைச்சர் எங்கேடி?” என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்று விளக்கினேன்: எங்கள் மாமா விளக்கொளியில் அத்தனை வெளுப்பாம், அதனால்தான் கரி பூச நேர்ந்ததாம். வகுப்பே கைகொட்டி ஆர்ப்பரித்தது. இன்னொரு முறை சொல் என்றார்கள். சொன்னேன்.