வளைவுகளில் திரும்பிய பிள்ளை

என் மூத்த மகன் மலைப் பாதையின் வளைவுகளில் தலைகீழாகத் திரும்பியவன் என்று எங்கள் பஜாரில் வெகுகாலம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் என் மாமியார். அது பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவள் நான்.

நான் வத்தலக்குண்டுக்காரி. அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பஜாரில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். முன்னால் மண்டி, பின்னால் வீடு. வீட்டில் என் கணவர், மாமியார், நான். மீதி இடமெல்லாம் மன்னவனூரிலிருந்து வந்த கிழங்கு மூட்டைகள். வந்த முதல் வாரமே எனக்குக் குளிரைப் பிடிக்கவில்லை. குளிருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. மாமியைப் பற்றியும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். ஏழாம் மாதத்தில் அம்மா வந்து பூ முடித்து என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு. அந்த மாதம் பிடித்த மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அதே மழையில் வத்தலக்குண்டில் என்னைப் பெற்ற அத்தா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பாதை சரியாகி பஸ் ஓடத் தொடங்கியபோது எனக்கு எட்டாம் மாதம் பாதி போய்விட்டது. அத்தாவைக் கட்டிலில் விட்டுவிட்டு அம்மாவால் அசைய முடியவில்லை.

“நானே போயிக்கிறேன் மாமி. அவுக கொண்டுபோயி விட்டுருவாக” என்று கேட்டேன்.

“மாசம் ஏறுன பிள்ளத்தாச்சி மலை எறங்கக் கூடாது. பஸ்ஸு குலுக்குற குலுக்குல என்னமும் ஆயிப்போச்சுன்னா ஒங்க அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? இங்கயே மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. நான் இருக்கேன்.”

அவர் இருப்பதுதான் என் கவலை என்று சொல்ல முடியுமா? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில். வலி வரும்போது அம்மா பக்கத்தில் இல்லாமல் நான் செத்தே போவேன் என்று அந்த வயதில் மனதார நம்பினேன்.

அப்படியிருக்கும்போதுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸம்மா உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு என் வயிற்றை மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வலது விலாவுக்குக் கீழே அழுத்தி வைத்தார். உருண்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது.

“இதான் தலை. பேபி ஒக்காந்த மேனிக்கு இருக்கு. தலை கீழ வரணும். இன்னும் டைம் இருக்கு, தானாத் திரும்பலாம். விக்கல் எங்க தெரியுதுன்னு கவனிச்சுக்கிட்டு வாங்க. இப்ப தொப்புளுக்கு மேல தெரியும். திரும்பிருச்சுன்னா விக்கல் கீழ வரும், ஒதை மேல போகும்.”

அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. என் பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதே என் நினைப்பாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதேன். தலை மேலே இருக்கிறதே என்று பயந்து அழுகிறேன் என நர்ஸம்மா நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏரி வரைக்கும் நடந்து வந்தோம். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“வெள்ளிக்கிழம கழியட்டும். சனிக்கிழம காலைல பஸ்ஸுல வத்தலக்குண்டு போறோம். வளைவுல பிள்ள திரும்பிரும்.”

“குலுக்கும்னு சொன்னீங்களே மாமி?”

“அது சரியாக் கெடக்குற பிள்ளைக்கு. இது ஏறுக்குமாறாக் கெடக்கு. மன்னவனூர்ல நிக்க வச்சு ஏத்துற மூட்டை கீழ போயிச் சேரையில தலைகீழாக் கெடக்குது. பிள்ள என்ன கெழங்கு மூட்டையவிடக் கனமா?”

ஊரே கிழங்கு ஏற்றி இறக்கும் ஊர். வைத்தியமும் அதிலிருந்துதான் வரும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். அம்மாவிடம் போகிறேன், அது போதும்.

வியாழக்கிழமை காலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் ஒரு பெரிய புரளல். வயிறு ஒரு பக்கமாகக் கூம்பி, மறுபக்கம் சரிந்து, பழையபடி நின்றது. விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். கெட்டி உருண்டை அங்கே இல்லை. மத்தியானம் விக்கல் வந்தது. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, டொக் டொக்கென்று. உதை விலாவில் விழுந்தது.

பிள்ளை திரும்பிவிட்டது. சொன்னால் பஸ் கிடையாது. சரியாகக் கிடக்கிற பிள்ளையை மாமி குலுக்க விடமாட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு பிரசவத்துக்கு ஒரு பொய் கூடாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாமி டிரைவருக்குப் பின்சீட்டில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “வளைவுல மெதுவாப் போகச் சொல்றேம்மா” என்றார். “வேணாம். எப்பவும் போறாப்புலயே போகச் சொல்லுங்க” என்றார் மாமி.

பெருமாள்மலை தாண்டும்வரை எனக்குக் கொண்டாட்டம்தான். அதன் பிறகு பாதை முறுக்கத் தொடங்கியது. முதல் பெரிய வளைவில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் எனக்குப் புத்தி வந்தது. மாமி சொல்வது மெய்யாக இருந்தால்? உட்கார்ந்த பிள்ளையை வளைவு தலைகீழாகத் திருப்பும் என்றால், தலைகீழாக இருக்கும் பிள்ளையை மறுபடி உட்கார வைத்துவிடாதா? என் அவசரத்துக்குப் பிள்ளையைப் பந்தயம் வைத்துவிட்டேனே. இப்போது சொல்லவும் வழியில்லை. வளைவுக்கு வளைவு அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யா அல்லாஹ், அப்படியே இருக்கட்டும் என்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன்.

பண்ணைக்காடு பிரிவில் பஸ் நின்று மலைவாழைப்பழத் தார்களை ஏற்றினார்கள். அதற்கடுத்த வளைவில் மாமி தன் கையை என் கைகள்மேல் வைத்து அழுத்தினார். பிள்ளையைத் திருப்பத்தான் தள்ளுகிறார் என்று எனக்குக் குலை நடுங்கியது. அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. முடியவில்லை. அடிவாரம் வரும்வரை அவர் கையை எடுக்கவேயில்லை.

வீட்டுக்குப் போன அரைமணி நேரத்தில் அம்மா தெருக்கோடி மருத்துவச்சியை வரவழைத்துவிட்டாள். அந்த அம்மாள் வயிற்றைத் தொட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தலை கீழதான் கெடக்கு. ஆனா இன்னும் எறங்கல. விரலால தள்ளுனா ஆடுது பாருங்க.”

மூச்சு வந்தது. அதற்குள் மாமி, “நான் சொன்னேன்ல! ஏழாவது வளைவுல புரண்டுச்சு. என் கையாலயே தொட்டுப் பாத்தேன்” என்றார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு கூசாமல் சொல்கிறார் என்று வியந்தேன். என் பொய் அதைவிடப் பெரியது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவீட்டில் இருந்த அந்த நாட்கள் என் ஆயுளில் நல்ல நாட்கள். கட்டிலில் கிடந்த அத்தாவுக்கு நான் பேச்சுத்துணை, எனக்கு அவர் துணை. இருவருமே எழுந்திருக்க ஆள் தேடுகிறவர்கள் என்று அம்மா கேலி செய்வாள். ஒரு காலை எழுந்தபோது மூச்சு முழுதாக வந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை வைக்க இடம் இருந்தது. அதுவரை இரண்டு இட்லிக்கு மேல் இறங்காதவள் ஐந்து தின்றேன். எழுந்து நடந்தால் மட்டும் தொடையிடுக்கில் பாரம். கால் தானாக அகன்றது. அடிக்கொருதரம் ஒதுங்க வேண்டியிருந்தது. நான் கொல்லைக்குப் போவதைப் பின்னாலிருந்து பார்த்தே அம்மா சொன்னாள்: “வயிறு எறங்கிருச்சு.” மருத்துவச்சி வந்து விரலால் தள்ளினார். பிள்ளை ஆடவில்லை. “பொருந்திருச்சு. இனி இவன் எங்கயும் போகமாட்டான்” என்றார்.

அதற்குப் பத்தாம் நாள் மகன் பிறந்தான். வலியின்போது அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். நான் சாகவில்லை. பக்கத்து அறையில் அத்தா, பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டு, கால் முறிந்ததை மறந்து எழப்பார்த்தாராம்.

இரண்டு வருடம் கழித்து, மண்டிக்கு அடுத்த தையல்கடைக்காரர் மனைவி மாமியிடம் வந்தாள். அவளுக்கும் பிள்ளையின் தலை மேலே இருந்தது. எந்த வளைவில் திரும்பும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கேட்டாள்.

“பஸ்ஸாவது கிஸ்ஸாவது. பேசாம நர்ஸம்மாகிட்டப் போயிக் காட்டு” என்று மாமி அனுப்பிவிட்டார்.

நாங்கள் இருவரும் அப்போது அழுகல் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்குத் தாங்கவில்லை. “எனக்கு மட்டும் பஸ், அவளுக்கு ஆஸ்பத்திரியா மாமி?” என்றேன்.

“வளைவுல மூட்டைதான் திரும்பும்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.” கையிலிருந்த கிழங்கை உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வளைவுக்கு வளைவு நீ அடிவயித்தையில்ல பிடிச்சுக்கிட்டு வந்த. தலை மேல இருந்தா கை மேல இருந்திருக்கும். அத்தன வளைவுக்குப் பெறகும் தலை கீழயேதான கெடந்துச்சு.”

எனக்குக் காது சூடானது. “தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க? ஏழாவது வளைவு, கையால தொட்டேன்னு?”

“பெறகு? மருத்துவச்சி தலை கீழ கெடக்குன்னதும் ஒங்கம்மா என்னையத்தான் பாத்தா. தலை கீழ இருக்குற பிள்ளைய எதுக்கு இந்தக் குலுக்கலுக்குக் கொண்டுவந்தீகன்னு அவ கேட்டா நீ என்ன சொல்லுவ?”

ஒரு அழுகல் கிழங்கைப் பொறுக்கிப் போட்டேன். “அப்ப பஸ்ஸுல என் கையை ஏன் மாமி அழுத்துனீங்க? திருப்பத்தான் தள்ளுறீங்கன்னு நெனச்சேன்” என்றேன்.

“நீ நடுங்குன நடுக்கத்துல வயிறே நடுங்குச்சு. பாதி மலை எறங்கியாச்சு, பஸ்ஸத் திருப்பவா சொல்ல முடியும்? அதான் நானும் சேந்து பிடிச்சுக்கிட்டேன், பிள்ள திரும்பிறக் கூடாதேன்னு.”