இடமிருந்து மூன்றாவது குமிழ்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்பாள் என் மனைவி. அது பாதிதான் உண்மை. பெருமை வந்தாலும் எனக்குக் கண்மண் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு பழைய இத்தாலியக் காரில் நான் பட்டதும், இன்னொருவரைப் பட வைத்ததும் அந்தப் பெருமையால்தான்.

அப்போது கோட்டுச்சேரி போகும் சாலையில் எனக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஷெட் இருந்தது. ஒயரிங் வேலையில் காரைக்காலில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். அது ஒரு நர்ஸின் காதுக்குப் போய், அவர் ஷெட்டைத் தேடி வந்துவிட்டார்.

போலகம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பவர் அவர். வீடு டவுனில், மாதா கோயில் தெருவில். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அந்த மாதிரி ஆட்களை ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஓர் அதிகாரி அவரிடம் விட்டுப்போன இத்தாலியக் கார் அது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்தது. எலி ஒயரையெல்லாம் தின்றிருந்தது. சொல்தா அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் அழுது அடம்பிடித்துக் கொஞ்சம் தவணை வாங்கியிருந்தார்.

"விஜயதசமி அன்னிக்குப் போலகம் போயிட்டுத் திரும்பி வரணும். ஒரு குறையும் வரக்கூடாது. வந்துதுன்னா மறுநாளே லாரியில ஏத்திடுவேன்" என்றார் சொல்தா. பீரங்கிச் சத்தத்தில் அவர் காது அநேகமாகப் போயிருந்தது. அதனால் எதையும் உத்தரவு மாதிரி கத்தித்தான் சொல்வார்.

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று மகளிடம் கேட்டேன். ஒரு தடவைதான் சொன்னார். "பஸ்ஸுக்காக முக்கா மணி நேரம் நின்னேண்ணே. நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள போயிடுச்சு." அன்றே வேலையை ஏற்றுக்கொண்டேன்.

எஞ்சினை வேறொரு மெக்கானிக் சரிசெய்து கொடுத்துவிட்டார். என் தலைவலி டேஷ்போர்டுதான். ஒரே வரிசையில் ஏழு குமிழ்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே தந்த நிறம். ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது. கூடவே வந்திருக்க வேண்டிய புத்தகமும் இல்லை. சொல்தாவைக் கேட்டால், கையை நீட்டி ஏதோ ஒன்றை இழுத்து, "இதுதான் லைட்டு" என்பார். மறுநாள் அதையே ஹார்ன் என்பார். ஹார்ன் ஸ்டியரிங்கில் இருந்தது.

பின்பக்கம் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. காரின் தரையில் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழைத்து, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பைப் பற்களில் கவ்விக்கொண்டு நாலு நாள் கிடந்தேன். புரட்டாசிப் புழுக்கம். வியர்வை கண்ணுக்குள் வழியும். துடைக்கக் கை வராது. மூன்று குமிழ்களுக்குப் பின்னால் ஒயர் இருந்தது, நான்குக்குப் பின்னால் கம்பி. ஒயர் உள்ளவை முன்விளக்கு, சின்ன விளக்கு, வைப்பர். கம்பிகளில் ஒன்று எஞ்சின் சுவரில் இருந்த ஒரு மூடியைத் திறந்தது. அது எதற்கு என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், குளிர் நாட்டில் எஞ்சின் சூட்டைக் காருக்குள் விட்டுக்கொள்ளும் வசதியாம். காரைக்காலில் காருக்குள் சூடு வேண்டுமாம்! தனியாகப் படுத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன்.

அடுத்த கம்பியை அசைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அது செல்ஃப். சாவி போடாமலேயே மோட்டாரைச் சுற்றவிடுகிற கம்பி. வண்டி கியரில் இருந்ததை நான் பார்க்கவில்லை. கார் ஒரு முழம் தாவியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்கள் கதவுக்கும் ஷெட் தூணுக்கும் நடுவே மாட்டப் பார்த்தன. மீதி இரண்டு கம்பிகளும் கார்புரேட்டருக்குப் போயின. ஒன்று சோக். இன்னொன்று கை ஆக்சிலேட்டர். இழுத்து விட்டால் காலை எடுத்தாலும் எஞ்சின் வேகம் குறையாது.

இனி எதற்கும் அடையாளம் வேண்டும் என்று மனைவியின் சாந்துப்பொட்டுப் பாட்டில்கள் இரண்டை எடுத்துவந்தேன். தொடலாம் என்கிற குமிழுக்குக் கறுப்புப் பொட்டு. ஓடும்போது தொடவே கூடாது என்கிற குமிழுக்குச் சிவப்புப் பொட்டு. "எனக்கு வாங்கித் தந்ததைக் காருக்கு வச்சு அழகு பாருங்க" என்று கேலி செய்தாள். நர்ஸுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள கார் அது. ஷெட்டுக்கு முன்னால் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம், "கறுப்பு நம்ம ஆளு, சிவப்பு எதிராளி" என்று சொல்லிக்கொள்வார்.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டில் இருந்த ஸ்பேனர் முதல் பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மாதாவைக் கும்பிடும் வேதக்காரர் வீட்டுக் காராக இருந்தாலும் என் ஷெட்டில் நிற்கிற வண்டி அல்லவா? பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, ஏழு குமிழ்களுக்கும் கட்டைவிரலால் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கறுப்பும் சிவப்பும் அடியில் போயின. நர்ஸ் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா படத்தைக் காட்டி, "அவங்களுக்கும் வச்சிராதீங்கண்ணே" என்றார். பிறகு, "அடையாளமெல்லாம் மறைஞ்சிடுச்சே?" என்று கேட்டார்.

"எனக்கு அடையாளம் எதுக்கு சிஸ்டர்? நாலு நாள் அதும் மூஞ்சியிலதானே முழிச்சேன். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்" என்றேன். பூஜையில் வைத்த பொட்டை மறுநாளே துடைக்க எனக்கு மனமும் வரவில்லை.

விஜயதசமி காலையில் கிளம்பினோம். நர்ஸ் ஓட்டினார். எதிரே வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல, வலப்பக்கம் நான். பின்சீட்டில் சொல்தா, நெஞ்சு நிமிர்த்தி, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றியபடி. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். போலகம் வரை ஒரு தும்மல்கூட இல்லை. திருப்பி நிறுத்தியபோது சொல்தா மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பாதி ஜெயித்துவிட்டோம்.

திரும்பும் வழியில் சாலையில் பாதியை அடைத்துக் குறுவை நெல் காயப்போட்டிருந்தார்கள். திடீரென்று இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. நெல்லைக் கூட்டி அள்ள ஜனங்கள் சாலைக்கு ஓடிவந்தார்கள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே, வைப்பர் எது?"

டேஷ்போர்டில் ஏழு சிவப்புப் பொட்டுகள். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இடப்பக்கத்துலேருந்து மூணாவது. இழுங்க" என்றேன்.

இழுத்தார். எஞ்சின் அலறியது. அவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததை நான் பார்த்தேன். வண்டி அடங்கவில்லை, பாய்ந்தது. எதிரே கூடையோடு குனிந்திருந்த ஒரு பெண்ணின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவர் பிரேக்கை மிதித்தார், நனைந்த நெல்லில் சக்கரம் வழுக்கியது. அடுத்த கணம் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். அந்தப் பெண்ணின் கூடை மட்டும் பம்பரில் பட்டுப் பறந்தது. கார் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி இறங்கியது. கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கியவரும் அவர்தான்.

யாருக்கும் அடியில்லை. சொல்தாவுக்கு மட்டும் நெற்றியில் ஒரு வீக்கம். மழைச் சத்தத்துக்கு நடுவே நான் அந்தக் குமிழ்களைப் பார்த்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவற்றைப் படித்தது பின்பக்கத்திலிருந்து. அங்கே எனக்கு இடப்பக்கம் என்றால், சீட்டில் உட்கார்ந்தவருக்கு வலப்பக்கம். வைப்பர் முன்னால் இருந்து பார்த்தால் ஐந்தாவது. மூன்றாவது கை ஆக்சிலேட்டர்.

"என்னத்த இழுத்த?" என்று சொல்தா மகளைப் பார்த்துக் கத்தினார்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். கூடைக்காரப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று அதற்குள் ஜனங்கள் சூழ்ந்துவிட்டார்கள். இருபது பேர் நிற்கிறார்கள், நாளைக்கு என் ஷெட்டுக்கு யார் வருவான் என்றுதான் என் புத்தி போனது. சொல்தாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னேன். "பதட்டத்துல கை மாறியிருக்கும்ங்கய்யா. கைக்குப் புது வண்டிதானே, பழகிடுவாங்க."

நர்ஸ் என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வண்டியைத் தள்ள இறங்கினார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள். விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பழைய இரும்புக்காரரின் லாரி நின்றது. காரை நர்ஸ் சேறு போகக் கழுவியிருந்தார். டேஷ்போர்டையும் சேர்த்து. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை, சாந்தும் இல்லை. ஏழும் பழையபடி ஒரே மாதிரி இருந்தன.

சொல்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுது, மூணாவதுன்னு நான்தான் சொன்னேன் என்று மூன்று தடவை கத்தினேன். அவர் கேட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டினார்.

"அவ கை இழுத்தத என் கண்ணால பார்த்தேன் தம்பி. அவளுக்காகப் பழிய ஒன்மேல போட்டுக்கற. நல்ல மனசு ஒனக்கு."

கெஞ்சினேன். கோபத்தில் தூணை உதைத்தேன். அவர் உள்ளே போய்விட்டார். கையில் பையோடு நர்ஸ் வெளியே வந்தார்.

"நேத்தே நானும் அப்பாகிட்ட சொன்னேண்ணே. பக்கத்துல உட்கார்ந்திருந்தவனே உன் கை மாறிடுச்சுங்கறான், நீ பொய் சொல்றியான்னுட்டாரு."

"சிஸ்டர், நான்…"

"நேத்து அங்கயே சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு." அவர் குரலில் கோபம்கூட இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர்கள் காரைத் தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. ஒருவர் உள்ளே தலையை விட்டுத் தேடிவிட்டு, "மெக்கானிக்கு, ஹேண்ட் பிரேக்கு எதுங்க?" என்று கேட்டார்.

நான் போய்க் காட்டினேன். அதைச் சரியாகக் காட்டினேன்.