சொல்லிக்கொண்டு கிளம்பிய அப்பா

கணக்கு டீச்சரான என் தலையில், ஓய்வுபெறும் வயதில், கம்ப்யூட்டர் பாடத்தையும் கட்டினார்கள். C மொழியில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை முடிக்க exit என்று ஒன்று உண்டு. அது மரியாதை தெரிந்தது. எழுதாமல் மிச்சம் வைத்ததைக் கோப்பில் எழுதி, முடிக்க வேண்டியதை முடித்து, அப்புறம்தான் கிளம்பும். _exit அப்படியில்லை. போட்டது போட்டபடி அந்த நொடியே வெளியேறிவிடும்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு எதுக்கு டீச்சர் தனியா ஒண்ணு?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எல்லாம் கெட்டுக் கிடக்கும்போது, முடிச்சிட்டுப் போறேன்னு நின்னா இன்னும் கெடும்" என்றேன். இது என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் அப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. விடைபெறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டரிடம்கூட "போயிட்டு வாரேன்" சொல்லுவார். அதுவரை பஸ்ஸும் நிற்கும், பின்னால் வருகிற மாட்டுவண்டியும் நிற்கும்.

அப்போது எனக்குச் செம்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கல்யாண நாள் குறிக்குமுன் அவருடைய தாத்தா இறந்துபோனார். துக்கம் கேட்க அப்பாவும் அம்மாவும் போனார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் சம்பந்தி வீடாயிற்றே! வாசல்வரை வந்தவர் திரும்பிப் போய், ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "போயிட்டு வாரோம், இனி அடிக்கடி வருவோம்" என்றார். அம்மா முழங்கையால் இடித்திருக்கிறாள். அப்பாவோ, யாரையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து, மிச்சமிருந்த இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தாராம்.

காரியம் முடிவதற்குள் தாத்தாவின் தம்பியும் போய்ச்சேர்ந்தார். அவர் வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். பழி மட்டும் அப்பாவின் வாய்க்கு.

தரகர் வந்தார். "அவுக வேற எடம் பாக்குறாகளாம். மனசுல வச்சுக்காதீக" என்றார். அப்பா அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டு, "அடிக்கடி வாங்கண்ணே" என்று கைகூப்பிவிட்டு வந்தார். வந்தவர் என்னைக் கடிந்துகொண்டார்.

"ஏத்தா, வீடு தேடி வந்தவரு கெளம்புறாரு. போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் புடைத்துக்கொண்டிருந்த அரிசியையும் முறத்தையும் போட்டது போட்டபடி விட்டு எழுந்துபோய், கதவைச் சாத்திக்கொண்டேன்.