வானத்தைத் துடைத்த வாரம்

படத்துக்கு பிரேம் போடும் தொழிலில் படத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு, பிரேம் போடுகிறவனைத் தவிர. கண்ணாடி வெட்டிக் கை கிழித்துக்கொண்ட சகோதரர்களுக்கு இது தெரியும்.

சொற்பொழிவு

பசுந்தாங்கில் எங்கள் கடைக்கு வருவதெல்லாம் பட்டமளிப்புப் படமும் கல்யாணப் படமும்தான். அன்று ஓய்வு பெற்ற டீச்சர் டோ ரோஸம்மா (பர்மாவில் மூத்த பெண்களுக்கு 'டோ' போடுவது மரியாதை) ஒரு நீர்வண்ண ஓவியம் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமம்: வேலி, ஓடை, இரண்டு மாடு, மேலே கருமேகம். எந்தத் துரையோ ஊருக்குக் கிளம்பும்போது அவருடைய தாத்தாவிடம் விட்டுப் போனதாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் கால ஓவியர்கள் வெளிச்சத்துக்கு வெள்ளைச் சாயம் பூசாமல் தாளையே வெறுமையாக விட்ட நுட்பத்தைப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரி தம்பி. ஞாயித்துக்கிழமை என் மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. சுவர்ல ஒரு ஈரக் கறை இருக்கு, இது மறைக்குமா?"

ரசிகர்

அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் மகளின் பட்டமளிப்புப் படத்தை வாங்க வந்தார். மேசையில் கிடந்த ஓவியத்தை நெடுநேரம் பார்த்தார். நான் நெகிழ்ந்துபோய், தாளின் வெண்மையிலிருந்து மறுபடி தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மழை இறங்கப் போகுது, மாட்டைப் பிடிச்சுக் கட்ட ஒரு ஆளையும் காணோமே?"

ஈரத் துணி

கண்ணாடி போடுமுன் படத்தை ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுப்பது எங்கள் கடை வழக்கம். வருவதெல்லாம் லேமினேட் செய்த போட்டோ. முகத்துக்குத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கையின் விரல்தடம் அப்படித்தான் போகும். சனிக்கிழமை நான் டீ குடிக்கப் போன நேரத்திலும் என் கூட்டாளி கோ மின் வழக்கத்தை விடவில்லை. திரும்பி வந்தபோது இங்கிலாந்தில் வானம் வெளுத்திருந்தது. கருமேகம் முழுக்கத் துணியில். என் அலறலில் எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. கோ மின் துணியை விரித்துக் காட்டினார், பெருமை தாங்கவில்லை.

"பாருங்கண்ணே, எத்தனை வருஷத்து அழுக்கு!"

பெண் பார்த்த வீடு

டோ ரோஸம்மாவிடம் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடும் திட்டத்தோடு, ஞாயிறன்று படத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் எனக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று டோ ரோஸம்மா என்னை உள்ளே தள்ளிவிட்டார். ஆணியில் தொங்கவிட்டேன். கறை மறைந்தது. மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்து, "நல்ல வெயில் நாள்" என்றார்.

அங்கே வாயை மூடியிருக்கலாம். பிழையைக் கண்டால் திருத்தாமல் விடுகிற சுபாவம் எனக்கில்லை. "வெயில் இல்லீங்க, மழைக்கு முந்தின பொழுது. மேகத்தை நாங்கதான் துடைச்சுட்டோம்."

பலகாரத் தட்டோடு வந்த மகள் பாதியில் நின்றுவிட்டாள். டோ ரோஸம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் உங்க சொந்தமா? கேக்காமலே தப்பை ஒத்துக்கிறாரே! இப்படிப் பொய் பேசாத குடும்பம்னா எங்களுக்குச் சம்மதம்."

டோ ரோஸம்மா கண் இமைக்கவில்லை.

"ஆமாங்க, என் தம்பி மகன்."

ஆக, ஓர் இங்கிலாந்து மேகத்தைத் தொலைத்த குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை, ஒரு புது அத்தை.