சைகோனுக்குப் போன சொல்தா

பட்டினச்சேரியில் எங்கள் எதிர்வீடு குஞ்சம்மாள் பெரியம்மாவுடையது. எழுபது வயது தாண்டியும் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அவர் வயிற்றில் இருந்தபோதே அவருடைய அப்பா அரசப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். பெண் பிறந்திருப்பதாக எழுதிப் போட்டார்கள். பதில் வரவில்லை. சண்டையில் ஆளைக் காணவில்லை என்று சர்க்கார் தகவல்தான் வந்தது. இறந்ததாக யாரும் சொல்லாததால் பெரியம்மாவின் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை.

"ஒங்கப்பன் அங்க எவளையோ கட்டிக்கிட்டு இருப்பான், நீ ஒருத்தி இருக்கிறதே தெரியாது" என்று மார்க்கெட்டில் சண்டை வந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள். பெரியம்மா பதிலுக்கு நாலு மடங்கு திட்டுவார். ஆனால் எங்களிடம், "கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டுப் போறாரு. நான் பொறந்தது அவருக்குத் தெரியுமான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்பார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பென்ஷன் வாங்கும் சொல்தா யாரைக் கண்டாலும் கூடையை இறக்கிவைத்து விசாரிப்பார். ஊர் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களையும் விடமாட்டார். "எங்கப்பாவப் பாத்தீங்களா?" என்று தமிழிலேயே கேட்பார். அவர்கள் சிரித்தபடி இறால் வாங்கிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் அவர் மகன் மணிவேல் அண்ணன், அந்தப் போரில் காணாமல் போனவர்களுக்கான ஃபேஸ்புக் குழுவில் அரசப்பனின் படத்தைப் போட்டார். இந்த ஆனியில் பதில் வந்தது. வியட்நாமின் ஒரு கடற்கரை ஊரிலிருந்து லான் என்ற அம்மாள் எழுதியிருந்தார். தன் அப்பாவும் இந்தியாவிலிருந்து வந்த சொல்தா, முகம் இதே ஜாடை என்று.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடியோ கால். லானுக்குப் பிரெஞ்சு தெரியும். நான் தமிழும் பிரெஞ்சும் படித்தவள் என்பதால் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். பெரியம்மா போனுக்குள்ளேயே போய்விடுவார் போலக் குனிந்தார்.

"தள்ளி உக்காரும்மா, அவங்களுக்கு ஒன் மூக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் அண்ணன்.

லான் காட்டிய படத்தில் பல் போன கிழவர். எங்கள் படத்தில் தொப்பி போட்ட இளைஞன். ஜாடை இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அங்கே வேறு பெயர் வைத்துக்கொண்டாராம். பழைய பெயரைச் சொன்னதே இல்லையாம்.

"எந்த ஊருன்னு சொன்னாராம்?" என்று பெரியம்மா கேட்டார்.

"பாண்டிச்சேரியாம்" என்றேன்.

"போச்சு. வெளிதேசம் போனா நாம எல்லாருமே பாண்டிச்சேரிதான்" என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

"மீன் புடிப்பாரான்னு கேளு பாப்பா" என்றார் பெரியம்மா.

பிடிப்பார், ஆனால் எங்கள் ஊரில் எல்லாரும்தான் பிடிப்பார்கள் என்று லான் சிரித்தார். வேறு வழி தெரியாமல், அவரிடம் வித்தியாசமான பழக்கம் ஏதாவது உண்டா என்று நானே கேட்டேன்.

லான் தயங்கினார். "வருஷத்தில் ஒருநாள் அவருக்குப் பைத்தியம் பிடிக்கும். முழுநிலா அன்று கூடை நிறைய மாம்பழம் வாங்கிக் கூரைமேல் ஏறித் தெருவில் எறிவார். பிள்ளைகள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் மண்டையில் பட்டு, போலீஸே வந்தது."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. சுவாமி வீதியுலா வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து கூட்டத்தின்மேல் மாம்பழம் வீசுவார்கள்.

"பாண்டிச்சேரிக்காரன் எவன்டா கூரையேறி மாம்பழம் எறிவான்? நம்ம ஊர்க்காரன்டா! என்ன வேண்டுதல்னு கேளு பாப்பா, சீக்கிரம்!"

கேட்டேன். அவசரத்தில் என் பிரெஞ்சு தடுமாறியது.

"மகள் பிறந்ததற்கு என்றார். நான்தான் அந்த மகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் லான். "ஆனால் தன்னைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே எறிகிறார் என்று அம்மா சொல்வாள். பட்டாளத்தை விட்டு ஓடியவர், ஊர் திரும்பினால் பிடித்துவிடுவார்கள் என்று பயந்தார். சாகும் வருஷம்கூட எறிந்தார்."

"நான்தான்! அது நான்தான்டா மணிவேலு! அவருக்குத் தெரிஞ்சிருக்குடா!" பெரியம்மா அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து லானின் முகத்துக்கு முத்தம் கொடுத்தார். என் மடியில் அதைப் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

"எங்கே போகிறார்? கோபமா?" என்று லான் பதறினார்.

"இல்லைங்க, போனை வச்சிடாதீங்க. ஊரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க" என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்வதற்குள் வாசலில் பத்துப் பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.