கராஜுக்காக ஓடிய கார்

இக்னேசியஸ் மன்னாரிலிருந்து கடல் கடந்து வந்து பார்க்டேலில் இறங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கார் ஓட்டம் கைக்கு வந்தது பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில். பீட்சா ஆறினால் முதலாளி கத்துவான். அதனால் பனியிலும் வழுக்காமல் வளைவெடுக்கப் பழகிக்கொண்டார். அறுபது கடந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ்ஸை ஆமையாய் உருட்டுகிறவர், கோடைச் சனிக்கிழமைகளில் ஒஷாவா நகருக்கு அப்பால் ஒரு மண் தடத்தில் பந்தயக் கார் ஓட்டினார். பதினொரு வருடமாக ஒரு வெற்றிக் கிண்ணம்கூடக் கிடைக்கவில்லை.

கார் நின்றது மில்லிக்கன் பகுதியில் இருந்த அவர் வீட்டுக் கராஜில். அதே இடத்தில் டீப் பிறீசர் வைக்கவேண்டும் என்பது மனைவி வேரோனிக்காவின் ஆசை. அவருடைய ஆட்டிறைச்சி றோல்ஸுக்குக் கோயில் பெருநாளில் அடிபிடி நடக்கும்.

"இந்த வருசக் கடைசிப் பந்தயத்தில கிண்ணம் வராட்டி கார் வெளியில, பிறீசர் உள்ளுக்கை. சரியோ?"

"ஓம். வந்து கண்ணால பாருமன்."

அவர் தோற்பதைப் பார்க்கத்தான் வேரோனிக்கா போனார். ஆனால் முதல்முதல் போகும் இடத்துக்கு வெறுங்கையோடு போவதா? மூன்று தட்டு றோல்ஸ் பொரித்தெடுத்துப் போனார்.

"பாவங்கள், காலமையிலயிருந்து வெயிலுக்கை நிக்குதுகள்" என்று மற்ற ஓட்டுநர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். அவர்கள் தின்றார்கள், மிளகாய் உறைப்பில் கண் கலங்கினார்கள், இன்னும் கேட்டார்கள்.

"எனக்கு?" என்றார் இக்னேசியஸ்.

"ஓடி முடிய."

ஓடி முடிய ஒன்றும் மிஞ்சவில்லை. தொடக்கக் கொடி அசைந்தபோது இரண்டு ஓட்டுநர்கள் கழிப்பறை வாசலில் நின்றார்கள். கடைசி வளைவில், முன்னால் போன மாக்கஸ் என்ற ஓட்டுநருக்கு விக்கல் எடுத்தது. அவன் கார் அகன்று மண்மேட்டில் ஏறியது. இக்னேசியஸ் உள்பக்கத்தால் நுழைந்தார். மூன்றாமிடம். சின்னதுதான், என்றாலும் கிண்ணம்.

"பாத்தீரே!"

"உது நீங்கள் ஓடி வெண்டதில்லை. நான் றோல்ஸ் தீத்தி வெண்டது."

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் இக்னேசியஸ், யாரும் கேட்காமலே காரைக் கராஜிலிருந்து இறக்கி, தார்ப்பாயால் மூடினார். வேரோனிக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

"வெண்டனீங்கள்தானே? பிறகேன்?"

"பிறீசர் வாங்குவம், வேரோனி. பெரிசா. வாற வருசம் எட்டுப் பந்தயம் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "உறைப்பை மட்டும் கொஞ்சம் கூட்டும்."